மொட்டை மாடி ரேடியோவுக்கு எந்த வயர்?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல புடுங்கற ஆணியே போதும் போதும்னு இருக்கு, இதுல எங்கேயிருந்து எழுதறது? ஆனா போன வாரம் போன்ல ஒரு சண்டை. அதை எழுதலைன்னா தூக்கம் வராது போல இருக்கு, அதான் வந்துட்டேன்.

டிஸ்கி: இது கொஞ்சம் டெக்னிக்கல் பதிவு. கூட்டல் பெருக்கல் தெரிஞ்சா போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.

சண்டை இதுதான். என்கூட காலேஜ்ல படிச்ச பய ஒருத்தன், இப்ப மதுரைக்குப் பக்கத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல ஈசிஇ வாத்தியார். பசங்களுக்கு மாடுலேஷன், டீமாடுலேஷன்னு போர்டுல படம் வரைஞ்சு வரைஞ்சு அவனுக்கே அலுத்துப் போச்சு. நிஜ சிக்னலைக் காட்டணும்னு ஆசை. அதுக்காக சொந்தக் காசுல கொஞ்சம் ஒதுக்கி வெச்சிருக்கான். "எந்த எஸ்டிஆர் வாங்கலாம், இல்ல நாமளே செய்யலாமா?"ன்னு எனக்கு போன்.

"மாப்ள, வாங்கறதுதான் வாங்கறோம், யூஎஸ்பி 3.0 இருக்கறதா பார்த்து எடுத்துருவோம்டா. வேகம்ல!"

"லேப்ல இருக்கற பொட்டில யூஎஸ்பி 3.0 போர்ட் இருக்காடா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "ரெண்டு பொட்டில இருக்கு"ன்னான்.

மொத்தம் இருபது பொட்டி.

அங்க ஆரம்பிச்சது, முக்கால் மணி நேரம் ஓடுச்சு. அவன் கட்சி வேகம். என் கட்சி என்னன்னு சொல்றதுக்கு முன்னாடி, எஸ்டிஆர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி.

பழைய ரேடியோவுல ஸ்டேஷனைப் பிடிக்கறது, சத்தத்தைப் பிரிக்கறது எல்லாம் காயில், கண்டென்சர் வேலை. எஸ்டிஆர்ல அலையை ஓரளவுக்குக் கீழ இறக்கி அப்படியே எண்ணா மாத்தி கம்ப்யூட்டர்கிட்ட கொட்டிடுவாங்க. பிரிக்கறது, கேக்க வைக்கறது எல்லாம் சாஃப்ட்வேர். ஒரே டப்பா எஃப்எம் கேக்கும், விமானம் எங்க பறக்குதுன்னு சொல்லும், சாட்டிலைட் கேக்கும். அந்த டப்பாவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல ஓடற வயர்தான் இன்னிக்கு மேட்டர். மொட்டை மாடி டேங்க்குக்கும் சமையல்கட்டு குழாய்க்கும் நடுவுல இருக்கற பைப் மாதிரின்னு வெச்சுக்கங்க. பைப் எவ்வளவு தடிமன் வேணும்ங்கறது கீழ எவ்வளவு தண்ணி வேணும்ங்கறதைப் பொறுத்தது. டேங்க் பெருசா இருக்குன்னு நாலு இஞ்ச் பைப்பை சமையல்கட்டு வரைக்கும் யாரும் இழுக்கறதில்ல.

சரி, கணக்கு போடுவோம்.

எஸ்டிஆர் ஒவ்வொரு சாம்பிளுக்கும் ரெண்டு எண் அனுப்பும். ஏழைகளின் எஸ்டிஆர்னு பேர் வாங்கின ஆர்டிஎல்-எஸ்டிஆரை எடுத்துக்கங்க. கம்ப்யூட்டர்ல டிவி பார்க்கறதுக்குன்னு வந்த டாங்கிள் அது. உள்ள இருக்கற ஆர்டிஎல்2832யூ சிப்பை இப்படி மொத்த சிக்னலையும் கொட்ட வைக்கலாம்னு 2012 வாக்குல சில பேர் கண்டுபிடிச்சு ஊருக்கே சொன்னாங்க. அதுல நம்பி ஓட்டக்கூடிய வேகம் விநாடிக்கு 24 லட்சம் சாம்பிள். ஒவ்வொண்ணும் 8 பிட் எண் ரெண்டு. பெருக்கினா 38.4 மெகாபிட். யூஎஸ்பி 2.0 பேரளவுக்கு 480 மெகாபிட். அதுல பாதி கிடைச்சாலே தாராளம்.

இதுக்கு மேல வேணுமா? நம்ம ஊர் எஃப்எம்மையே பாருங்க. சூரியன் 93.5, ஆகாசவாணி 103.3, ஹலோ 106.4. டாங்கிள் ஒரு நேரத்துல பாக்கறது 2.4 மெகாஹெர்ட்ஸ் அகல ஜன்னல்தான். 103.3-ஐயும் 106.4-ஐயும் சேர்த்துக்கூடப் பார்க்க முடியாது. 88-லேர்ந்து 108 வரைக்கும் எஃப்எம் மொத்தத்தையும் ஒரே படத்துல காட்டணும்னா 20 மெகாஹெர்ட்ஸ் வேணும். 8 பிட்ல அனுப்பினா 320 மெகாபிட். ஹேக்ஆர்எஃப் ஒன் இதை யூஎஸ்பி 2.0-லயே செய்யுது, கிட்டத்தட்ட அந்த வயரோட கழுத்தைப் பிடிச்சு. 16 பிட் வேணும்னா 640 மெகாபிட். அப்ப யூஎஸ்பி 2.0 அவுட். யூஎஸ்பி 3.0 இல்லைன்னா கிகாபிட் ஈதர்நெட்.

இன்னொரு ஓரத்தையும் பாருங்க. 2005 மே மாசம் பிஎஸ்எல்வி-சி6-ல நம்ம ஆளுங்க ஹாம்சாட்னு ஒண்ணை அனுப்பினாங்களே, 2014 வரைக்கும் வேலை செஞ்சுது. அமெச்சூர் ரேடியோக்காரங்க அது வழியா பேசின மொத்தப் பாதையே 60 கிலோஹெர்ட்ஸ். அதை முழுசா பார்க்க 96 கிலோஹெர்ட்ஸ் சவுண்ட் கார்டு போதும். ரெண்டு சேனல், 16 பிட், சுமார் 3 மெகாபிட். யூஎஸ்பி 1.1-ஓட 12 மெகாபிட்டே அதிகம். ஃபன்கியூப் டாங்கிள்னு ஒண்ணு வந்தப்போ அப்படித்தான் செஞ்சாங்க. அது கம்ப்யூட்டர்கிட்ட "நான் ஒரு சவுண்ட் கார்டு"ன்னு சொல்லிக்கிட்டு வரும். டிரைவரே வேண்டாம்.

ஆக 3 மெகாபிட்லேர்ந்து 640 மெகாபிட் வரைக்கும் எல்லாமே எஸ்டிஆர்தான். "எஸ்டிஆருக்கு எந்த இன்டர்ஃபேஸ் நல்லது?"ன்னு பொத்தாம் பொதுவா கேக்கறது, "வண்டி வாங்கப் போறேன், எது நல்ல வண்டி?"ன்னு கேக்கற மாதிரி. பால் ஊத்தவா, செங்கல் ஏத்தவான்னு சொல்லணும்ல.

நிற்க. இங்கதான் என் கட்சி.

வேகத்தை நான் கடைசியாத்தான் பார்ப்பேன். முதல்ல மூணு கேள்வி. ஆன்டெனா எங்க இருக்கு? வயரோட கீழ் நுனியில இருக்கறது யாரோட பொட்டி? எத்தனை பேர் கேக்கப் போறாங்க? இந்த மூணுக்கும் பதில் சொல்லிட்டா இன்டர்ஃபேஸ் தானா வந்து நிக்கும். எங்க ஊர் லேபுக்கு அப்படி வந்து நிக்கறது யூஎஸ்பி 3.0 இல்ல, ஈதர்நெட். அதாங்க, சாதா லேன் வயர்.

முதல் கேள்வி, ஆன்டெனா. மதுரையைச் சுத்தி சமதரை. ஒரு பக்கம் யானைமலை, இன்னொரு பக்கம் நாகமலைன்னு ஒண்ணு ரெண்டு குன்றுங்களை விட்டா மூணு மாடி ஏறினாலே அடிவானம் வரைக்கும் திறந்து கிடக்கும். விஎச்எஃப், யூஎச்எஃப் கேக்கறதுக்கு சொர்க்கம். ஆனா அது மாடி மேல. கீழ லேபுக்குள்ள கான்கிரீட், இருபது கம்ப்யூட்டரோட பவர் சப்ளை, எல்ஈடி லைட்டு, எல்லாம் சேர்ந்து கொசு மாதிரி ரீங்காரம். டாங்கிளைக் கொண்டு போய் அதுக்குள்ள சொருகினா பசங்களுக்குக் கேக்கறது ஸ்டேஷன் இல்ல, பவர் சப்ளை.

மாடியில ஆன்டெனாவை வெச்சு கோஆக்ஸ் கேபிள் இழுக்கலாம்தான். விமானங்க அனுப்பற 1090 மெகாஹெர்ட்ஸ்ல சாதா டிவி கேபிள் 20 மீட்டர் ஓடினா சுமார் 4 டெசிபல் போயிடும். பாதிக்கும் மேல சக்தி வயர்லயே காலி. மேலயே ஒரு ஆம்ப்ளிஃபையர் போட்டு ஈடுகட்டலாம், அதுக்கு மேல கரண்ட் அனுப்பணும். அப்படி கரண்ட் மேல போகத்தான் போகுதுன்னா ரேடியோவையே மேல வெச்சுட்டா என்ன?

வெச்சா யூஎஸ்பி 2.0 வயர் 5 மீட்டர்தான். யூஎஸ்பி 3.0 நடைமுறையில 3 மீட்டர். மூணு மாடி இறங்கணுமே! லேன் வயர் 100 மீட்டர் சர்வசாதாரணமா ஓடும்.

எனக்கு இதுல சொந்த அனுபவம் உண்டு (காசு கொடுத்துக் கத்துக்கிட்டது). வீட்டு மாடியில டாங்கிளை வெச்சு, நடுவுல ஆம்ப்ளிஃபையர் இருக்கற யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ரெண்டைக் கோத்து கீழ லேப்டாப் வரைக்கும் கொண்டு வந்தேன். நல்லாத்தான் ஓடுச்சு. சித்திரை மாசம் ஒரு சாயங்காலம் கோடை இடி. எங்க வீட்டு மேல விழலை, எங்கேயோ பக்கத்துல. பளிச்னு ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். மறுநாள் டாங்கிள் செத்துப் போச்சு, லேப்டாப்ல அந்தப் பக்கம் இருந்த ரெண்டு யூஎஸ்பி போர்ட்டும் கூடவே போச்சு. யூஎஸ்பி வயர்ல மாடியிலிருக்கற ரேடியோவோட கிரவுண்டும் உங்க கம்ப்யூட்டரோட கிரவுண்டும் ஒண்ணுதான். மேல வந்தது நேரா கீழ வந்துடும். எங்க அம்மா, "வானத்துல இருக்கறதை எதுக்குடா வீட்டுக்குள்ள இழுக்கற?"ன்னு ஒரே வரியில இதைச் சொல்லிட்டாங்க.

ஈதர்நெட்ல ரெண்டு நுனியிலயும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. ஸ்டாண்டர்டே 1500 வோல்ட் வரைக்கும் தாங்கற மாதிரி பிரிச்சு வைக்கணும்னு சொல்லுது. நேரா விழற இடிக்கு இது ஒண்ணும் செய்யாது, அதுக்கு எர்த் கம்பி, அரெஸ்டர் எல்லாம் தனியா போடணும். அதே வயர்ல கரண்டும் அனுப்பினாலோ, இரும்பு உறை போட்ட வயர் இழுத்தாலோ இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். ஆனா பக்கத்துல விழுந்த இடிக்கு லேப்டாப்பைப் பலி கொடுக்கற வாய்ப்பு நிறையவே குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில இருபது பொட்டி இருக்கற லேபுக்கு இது சின்ன விஷயம் இல்லைங்க.

ரெண்டாவது கேள்வி, யாரோட பொட்டி. இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

2001-ல மேலூர் தாலுகாவுல சாரின்னு ஒரு திட்டம் வந்தது. கிராமம் கிராமமா இன்டர்நெட் மையம். நான் அப்ப அ-னா ஆவன்னா எழுதிட்டிருந்த வயசு, அதனால பார்த்ததில்ல, படிச்சதுதான். டெலிபோன் வயரே போகாத ஊர்களுக்கு இன்டர்நெட்டை ரேடியோ வழியா கொண்டு போனாங்க. சென்னை ஐஐடியில பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவும் மைடாஸ் கம்பெனியும் சேர்ந்து உருவாக்கின கார்டெக்ட் அது. டவர்லேர்ந்து சுமார் 10 கிலோமீட்டர் நேர்ப்பார்வையில எட்டும். சமதரைங்கறதால மேலூருக்கு நல்லா பொருந்துச்சு. கார்டெக்ட் எஸ்டிஆர் இல்ல. ஆனா எங்க சண்டையில இருந்த அதே கேள்வி அவங்களுக்கும் வந்திருக்கும்: சுவத்துல மாட்டற ரேடியோ டப்பாவைக் கம்ப்யூட்டரோட எப்படி சேக்கறது?

அவங்க போட்டது ஆர்எஸ்-232. சீரியல் போர்ட்! யூஎஸ்பி அப்பவே வந்தாச்சு, ஈதர்நெட்டும் இருந்தது. ஆனா கிடைக்கற இன்டர்நெட் வேகம் 70 கிலோபிட், போன் பேசிட்டிருந்தா 35. அதுக்கு சீரியல் போர்ட் தாராளம். அந்தக் காலத்து எந்த மட்டமான பொட்டியா இருந்தாலும் பின்னாடி ஒரு சீரியல் போர்ட் இருக்கும். தனியா மோடம் வாங்க வேண்டாம், கார்டு வாங்க வேண்டாம். அந்த மையங்கள்ல நிறைய சில வருஷத்துல மூடிட்டாங்க, அது வருமானம், பராமரிப்பு சம்பந்தப்பட்ட வேற கதை. ஆனா அந்த ஒரு முடிவு இருக்கே, அதுக்கு இப்பவும் நான் சல்யூட் அடிப்பேன். கடையில எது புதுசுன்னு பார்க்காம, கிராமத்துல இருக்கற பொட்டியோட முதுகுல என்ன ஓட்டை இருக்குன்னு பார்த்து செஞ்சிருக்காங்க.

இன்னிக்கு லேப் பொட்டியோட முதுகுல கண்டிப்பா இருக்கறது என்ன? யூஎஸ்பி 2.0, அப்புறம் லேன். யூஎஸ்பி 3.0 இருபதுல ரெண்டுல. அவ்வளவுதான் மேட்டர். அதோட யூஎஸ்பின்னா டிரைவர் தொல்லை. விண்டோஸ்ல ஒரு டிரைவரை நீக்கி இன்னொண்ணைப் போடணும், லேப்ல பசங்களுக்கு அட்மின் பாஸ்வேர்டு கிடையாது. லேன்ல டிரைவர்ங்கற பேச்சே இல்ல. யூடிபி பாக்கெட் வருது, வாங்கிக்க. பத்து வருஷம் கழிச்சு எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் வந்தாலும் நெட்வொர்க் பேசத் தெரியாம வராது.

இது நான் மட்டும் சொல்றதில்ல. மேட் எட்டஸோட முதல் யூஎஸ்ஆர்பி யூஎஸ்பி 2.0-ல வந்தது, 80 லட்சம் சாம்பிள்ல முட்டிக்கிட்டு நின்னுச்சு. அடுத்து வந்த யூஎஸ்ஆர்பி2 கிகாபிட் ஈதர்நெட்டுக்கு மாறி 250 லட்சத்துக்குப் போச்சு. ஓபன்எச்பிஎஸ்டிஆர்காரங்க ஓஸின்னு யூஎஸ்பி போர்டுல ஆரம்பிச்சு மெட்டிஸ்னு ஈதர்நெட் போர்டுக்கு வந்தாங்க. கேபிள் மோடம் சிப்பை வெச்சு மலிவா செஞ்ச ஹெர்மிஸ்-லைட் 2-லயும் ஈதர்நெட்தான். புளூட்டோ எஸ்டிஆர் இன்னும் வேடிக்கை. யூஎஸ்பி வயர்லதான் சொருகறோம், ஆனா உள்ள போனதும் 192.168.2.1-னு ஒரு நெட்வொர்க் மெஷினா வந்து உக்காந்துக்கும்.

மூணாவது கேள்வி, எத்தனை பேர். யூஎஸ்பின்னா ஒரு டப்பா, ஒரு பொட்டி. லேன்ல ஸ்விட்ச் போட்டா எல்லாருக்கும் பந்தி.

ஆனா மொத்த சிக்னலையும் அப்படியே எல்லாருக்கும் கொட்டக் கூடாது. 38.4 மெகாபிட்டை இருபது பேருக்குத் தனித்தனியா அனுப்பினா 768 மெகாபிட். பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச் படுத்துடும். அதனால மாடியிலயே டாங்கிளோட ஒரு ராஸ்பெரி பையை வெச்சு, வேண்டியதைப் பிரிச்சு கீழ அனுப்பணும். ஒருத்தர் காதுக்குப் போற சத்தம் 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், அதாவது 768 கிலோபிட். இருபது பேருக்கு சுமார் 15 மெகாபிட். ஓபன்வெப்ஆர்எக்ஸ் மாதிரி சாஃப்ட்வேர் இதைச் செய்யுது, பசங்க பிரவுசர்ல திறந்து கேக்கலாம். டாங்கிள் யூஎஸ்பிதான், ஆனா அந்த யூஎஸ்பி வயர் இப்ப அரை அடி. (பை வாங்கினா 2019-ல வந்த பை 4, இல்ல அதுக்கு அப்புறம் வந்தது பாருங்க. பை 3 வரைக்கும் லேனும் யூஎஸ்பியும் ஒரே யூஎஸ்பி 2.0 பாதையைப் பங்கு போட்டுக்கும்.)

இதையே இன்னும் ஒரு படி மேல கொண்டு போனவர் நம்ம ஹைதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹான். பிட்எக்ஸ் ரேடியோவை ஊருக்கெல்லாம் செய்யக் கத்துக்கொடுத்தவர். அவரோட எஸ்பிட்எக்ஸ் எஸ்டிஆர்ல யூஎஸ்பியும் இல்ல, ஈதர்நெட்டும் இல்ல. ராஸ்பெரி பை ரேடியோவுக்குள்ளயே இருக்கு, நடுவுல ஒரு சாதா ஆடியோ கோடெக் சிப். ஒரு நேரத்துல 25 கிலோஹெர்ட்ஸ் மாதிரி கொஞ்சூண்டு பார்த்தா போதும்னு முதல்லயே முடிவு பண்ணிட்டார். அந்த ஒரு முடிவுல வேகமான ஏடிசி, எஃப்பிஜிஏ, தடிமன் வயர் எல்லாம் தேவையில்லாம போச்சு. எவ்வளவு வேண்டாம்னு சொல்றோமோ அவ்வளவு காசு மிச்சம்.

சரி, நண்பன் பக்க நியாயத்தையும் சொல்லணும், இல்லைன்னா அடிக்க வருவான்.

ஒண்ணு, மாடியில ஒரே டாங்கிள்னா எல்லாரும் ஒரே 2.4 மெகாஹெர்ட்ஸ் ஜன்னலுக்குள்ளதான் மேயணும். ஒரு பையன் விமானம் பார்க்கப் போனா மத்த பத்தொன்பது பேரும் எஃப்எம்மை விட்டுட்டு அவன் பின்னாடி போகணும். வீட்ல ரிமோட் யார் கையிலங்கற பிரச்சனைதான். இது நிஜமான குறை.

ரெண்டு, நாமளே போர்டு செய்யறதா இருந்தா யூஎஸ்பி 2.0 சுலபம். சைப்ரஸ் எஃப்எக்ஸ்2 மாதிரி ஒரு சிப்பைப் போட்டா முடிஞ்சது, 5 வோல்ட் கரண்டும் அதே வயர்ல வந்துடும். ஈதர்நெட்னா தனி பவர், தனி பிஹெச்ஒய் சிப், எஃப்பிஜிஏவுக்குள்ள பாக்கெட் கட்டற வேலை. செலவு, தலைவலி ரெண்டும் கூடத்தான்.

மூணு, எல்டிஇ பேஸ் ஸ்டேஷனையே சாஃப்ட்வேர்ல ஓட்டற ஆராய்ச்சின்னா யூஎஸ்பி 3.0 வேணும். பிளேட்ஆர்எஃப், லைம்எஸ்டிஆர் எல்லாம் அதுக்குத்தான் வந்தது. ஆனா அதுலயும் ஒரு வில்லங்கம். யூஎஸ்பி 3.0 வயரே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும்னு 2012-ல இன்டெலே ஒரு அறிக்கை போட்டாங்க. ரேடியோ கேக்க வந்த இடத்துல வயரே கத்தினா எப்படி?

கடைசியில எப்படி முடிஞ்சுதுன்னா, மாடிக்கு ஒரு நல்ல ஆன்டெனா, ஒரு டாங்கிள், ஒரு பை, கீழ வரைக்கும் லேன் வயர். மிச்சக் காசுல கைல வெச்சு நோண்டறதுக்கு நாலு சாதா யூஎஸ்பி 2.0 டாங்கிள். இஷ்டப்பட்ட ஜன்னலுக்குப் போகணும்ங்கற பசங்க அதை எடுத்துக்கட்டும். யூஎஸ்பி 3.0-க்கு ஒத்தைப் பைசா இல்ல. "சரிடா, நீ சொல்ற மாதிரியே செய்யறேன். வேலை செய்யலைன்னா மாடில உன்னைத்தான் ஆன்டெனாவா நிக்க வைப்பேன்"னு சொல்லி போனை வெச்சான்.

ஒரே ஒரு விஷயம் அவன் சொன்னது மனசுல நிக்குது. "மாப்ள, இந்தப் பசங்கள்ல பாதிப் பேர் வீட்ல கம்ப்யூட்டரே கிடையாதுடா. போன்தான்." அதைக் கேட்டப்புறம் என் கட்சி இன்னும் கெட்டியாச்சு. காலேஜ் நெட்வொர்க்ல வைஃபை வழியா அந்தப் பையன் தன் போன் பிரவுசர்லயே மாடி ஆன்டெனாவைக் கேக்கலாம். யூஎஸ்பி 3.0 டப்பா வாங்கியிருந்தா அந்த ரெண்டு புதுப் பொட்டிக்கு முன்னாடி யார் முதல்ல வந்து உக்கார்றாங்களோ அவங்களுக்குத்தான் ரேடியோ.

யூஎஸ்பி கட்சிக்காரங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல வந்து கும்முங்க. இடியைப் பத்தி மட்டும் என்கிட்ட வாதாடாதீங்க, செத்துப் போன போர்ட் ரெண்டு இன்னும் சாட்சியா இருக்கு :-)

பி.கு: இதெல்லாம் கேக்கறதுக்கு மட்டும். ஹேக்ஆர்எஃப், புளூட்டோ மாதிரி அனுப்பவும் தெரிஞ்ச டப்பா கையில இருந்தா, லைசென்ஸ் இல்லாம ஆன்டெனாவை மாட்டி அனுப்பிப் பார்க்கற வேலை வேண்டவே வேண்டாம். அமெச்சூர் லைசென்ஸுக்குப் பரீட்சை இருக்கு, எழுதுங்க. நானும் படிச்சிட்டுதான் இருக்கேன்... ஆணி விட்டாத்தானே!